எங்கள் தெருவின் ஆரத்தித் தட்டுகள்

சாமியானா கட்டுகிறவனுக்குத் தெரியாத தேர்தல் இந்த ஊரில் கிடையாது. மேடையில் பேசுகிறவர் கூட்டத்தை முன்னால் இருந்து பார்க்கிறார். நான் பின்னால் இருந்து பார்க்கிறவன். எந்த வரிசை காலி, எந்த நாற்காலியில் ஆள் இல்லாமல் கைப்பை மட்டும் உட்கார்ந்திருக்கிறது, சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. பேப்பரில் எழுதுகிறவர்கள் முடிவு வந்த பிறகு காரணம் சொல்வார்கள். நான் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றும்போதே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவேன். சொன்னது நடந்திருக்கிறது. நடக்காத தடவைகளில் நாற்காலி என்னுடையது இல்லை.

படிப்பு என்று எடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்டின் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் பெஞ்சைத் தேய்த்தேன். அப்புறம் பெஞ்சை வாடகைக்கு விடுகிற கடையில் தூக்கிச் சுமக்கப் போனேன். கன்னடம் தெருவில் வந்தது. உருது லாரி ஷெட்டில் வந்தது. இங்கிலீஷ் கல்யாண வீடுகளில் வந்தது. கடைசியில் அந்தக் கடையையே வாங்கினேன். இன்று விவேக் நகரில் கோவில் திருவிழா என்றாலும், அடுகோடியில் பட்டறைக்குப் பூஜை என்றாலும், பந்தல் என்னுடையது. சாமியானாவின் ஓரத்தில் தைத்திருக்கும் சிவப்பு நாடாவைப் பார்த்தாலே என் சரக்கு என்று ஜனங்களுக்குத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன். பெருமை இருக்கிறது, சொல்கிறேன்.

ஆனால் இத்தனை தேர்தல்களைப் பின்னால் நின்று பார்த்த நான், வாயைப் பிளந்து நின்றது என் சொந்தத் தெருவில்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தெரு ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் நடுவில், மேலிருந்து கீழே சரிகிற ஒரு சின்னத் தெரு. மேல் முனையில் என் கடை, அதன் மாடியில் என் வீடு. கீழ் முனையில் மாவு அக்கா வீடு. இட்லி மாவு அரைத்து விற்பதால் அந்தப் பெயர். என்னைவிட வயதில் மிகவும் சின்னவள்தான். தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்காவாகிவிட்டாள். அவள் என்னை அண்ணா என்பாள். இரண்டு முனைக்கும் நடுவில் பாதி வாசல்களில் மாதா படம், பாதி வாசல்களில் மாவிலைத் தோரணம். மாடிகளில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஓட்டு சேலத்திலும் வேலூரிலும் இருக்கிறது. அவர்கள் இந்தக் கதையில் வர மாட்டார்கள்.

தெருவுக்கு ஒரு லீடர் உண்டு. மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். பதவிக்காலம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன, மறுபடி தேர்தலே வைக்கவில்லை. நகரத்தைப் பல மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள், வார்டு எல்லையை அழித்து எழுதினார்கள், தேர்தல் இதோ வருகிறது என்றார்கள். எது எப்படியானாலும் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஜனங்கள் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறார்கள். அவர் ஒரு போன் செய்கிறார். விளக்கு எரிகிறது. கையில் எந்த முத்திரையும் இல்லாத ஒரு மனிதனின் வாய்ச் சொல்லுக்கு ஆபீசில் இருந்து ஏணி கிளம்பி வருவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த மரியாதை சும்மா வந்ததில்லை. அவர் முதல் தடவை நின்றபோது எங்கள் வீடுகளுக்குள் குழாய் கிடையாது. தெருமுனையில் ஒரு பொதுக்குழாய், அதன் முன்னால் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. என்னை ஜெயிக்க வையுங்கள், சமையலறைக்குள் தண்ணீர் வரும் என்றார். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். தெரு மொத்தமும் போட்டது. ஜெயித்தார். சொன்னபடி குழாயும் வந்தது. முதல் நாள் எங்கள் வீட்டுக் குழாய் இருமி, காற்றைத் துப்பி, செந்நிறமாகக் கொஞ்சம் கக்கிவிட்டு, பிறகு தெளிந்து ஓடியது. என் மனைவி குழாயை மூடவே இல்லை. பாத்திரம் எல்லாம் நிரம்பியும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரலில் வைத்த மை, சுவருக்குள் புகுந்து தண்ணீராக வெளியே வருகிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்தக் கோவிலிலும் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெரு அவர் தெரு. ஓட்டை மறைவாகத்தான் போடுகிறோம். ஆனால் முடிவைச் சாவடி வாரியாகப் பிரித்துச் சொல்லும்போது ஒரு தெருவின் மனசு வெளியே வந்துவிடுகிறது. எங்கள் சாவடியில் எப்போதும் அவருக்குத்தான் மொத்தமாக விழும். அதைச் சொல்லி நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். ஒரு கூட்டத்தில் மைக் கையில் கிடைத்தபோது, "எங்கள் தெரு லீடர் பாக்கெட்டில் இருக்கிறது" என்று பேசினேன். அன்று விழுந்த கைதட்டல் மேடைப் பேச்சாளர் யாருக்கும் விழவில்லை.

தெருவுக்கு ஒரு வழக்கமும் உண்டானது. லீடர் நடந்து வரும் நாளில் தெரு முகப்பில் நான் பந்தல் போட்டு, சிவப்பு வெல்வெட் நாற்காலி வைத்து, சால்வை போர்த்துவேன். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். மாதா வீட்டுக்காரர்கள் கற்பூரத்துக்குப் பதிலாக ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்தியிருப்பார்கள். கட்சிக்காரர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பார்கள். கொடி பிடிக்க ஆளைக் கூட்டி வந்துவிடலாம். வீட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தட்டைப் பெண் மனசு வைத்தால்தான் வாசலுக்கு வரும். எதிர்க்கட்சிக்காரர் வந்தால் பெண்கள் கேட்டில் சாய்ந்துகொண்டு "வாங்க" என்பார்கள். கேட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். தட்டு வராது. ஒரு தடவைகூட வந்ததில்லை.

இனி மாவு அக்காவின் கஷ்டம். தெருவின் பாதாளச் சாக்கடைக் குழாய், எங்கள் பேச்சில் யூஜிடி, ஓடு வேய்ந்த வீடுகள் இருந்த காலத்தில் போட்டது. இப்போது மேலே மாடிமேல் மாடி எழும்பிவிட்டது. அத்தனை வீட்டுக் கழிவும் அந்த ஒல்லிக் குழாயில் இறங்குகிறது. மழை பிடித்தால் குழாய் தாங்காது. கீழ்முனையில் மேன்ஹோல் மூடி துள்ளும். மாவு அக்கா வீட்டுக் குளியலறை வழியாகச் சாக்கடை உள்ளே ஏறும். அவள் கணவர் அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் படுத்திருக்கும் கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருப்பாள், தண்ணீர் ஏறினால் அவரைத் தொடக் கூடாது என்று.

போன மழைக்கு ஊறப்போட்டிருந்த அரிசி மொத்தத்தையும் கொட்டினாள். அதற்குப் பிறகு பல நாள் யாரும் மாவு வாங்க வரவில்லை. "நாத்தம் வந்த வூட்டு மாவ யாருண்ணா வாங்குவாங்க? நானே வாங்க மாட்டேன்" என்றாள். அது அவள் பிறந்த வீடு. இன்னொரு மழைக்கு உள்ளே ஏறினால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். கிரைண்டரையும் படுக்கையில் இருக்கும் மனிதனையும் சேர்த்து எந்த வீட்டுக்காரன் குடிவைப்பான்?

பக்கத்துத் தெருவில் அகலமான புதுக் குழாய் எப்போதோ போட்டாகிவிட்டது. அந்தத் தெரு ஒரு தேர்தலில் இவருக்கு, அடுத்த தேர்தலில் அவருக்கு என்று ஊஞ்சலாடும் தெரு. இத்தனை விசுவாசமான எங்கள் தெருவை விட்டுவிட்டு அங்கே ஏன் முதலில் போட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

மாவு அக்காவைக் கூட்டிக்கொண்டு லீடர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் போட்டிருந்ததெல்லாம் என் நாற்காலிகள்தான்.

"வாங்க யஜமான்ரே" என்று எழுந்து நின்றார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம், எங்களோடு தமிழ். "நம்மவரு வந்துட்டாரு, காப்பி குடுங்கப்பா."

நான் விஷயத்தைச் சொன்னேன். மாவு அக்கா, "சார், மழைக்கு முன்னால பைப்ப மாத்திக் குடுத்துட்டா புண்ணியமா போகும்" என்றாள்.

"ஆகுதும்மா. அது நம்ம தெரு. உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கியது.

வெளியே வந்ததும் மாவு அக்கா, "காப்பி நல்லா இருந்திச்சுண்ணா" என்றாள்.

மறுபடி போனோம். அதே வரவேற்பு, அதே வார்த்தை. "டிகாஷன் கொஞ்சம் கம்மி இன்னிக்கு" என்றாள். அதற்கப்புறம் ஒருமுறை நான் கூப்பிட்டபோது, "நீங்க போயிட்டு வாங்கண்ணா, எனக்குக் காப்பி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டாள். மரத்துப்போன பேச்சு. வானத்தில் அப்போதே சாயங்காலங்களில் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் லீடரின் காரியதரிசி என் கடைக்கு வந்தார். லீடருக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆள், வாய் கொஞ்சம் நீளம். பக்கத்துத் தெருவில் கூட்டமாம்.

"எல்லாம் புதுசா வரணும்ணா. கவர் போட்ட சேரு, பெரிய ஃபேனு, பன்னீர் தெளிக்கிற மெஷினு."

"எங்க தெருவுல கூட்டம் வச்சா மட்டும் பழைய பிளாஸ்டிக் சேரு போதும்ங்கற?"

"உங்க தெருவுல நின்னுனே கேப்பாங்க. அவ்ளோ பாசம்."

"அது இருக்கட்டும். எங்க யூஜிடி இன்னா ஆச்சு?"

"ஆகும்ணா, இன்னா அவசரம்? உங்க ஓட்டு எங்க போயிடும்? பீரோல மடிச்சு வச்ச பட்டுப் பொடவைய யாரு தெனம் தொறந்து பாக்கறாங்க?" என்று சிரித்தார். "நீங்கதான மைக்ல சொன்னீங்க, தெரு பாக்கெட்ல இருக்குதுன்னு. பாக்கெட்ல இருக்கறத யாருண்ணா தேடுவாங்க?"

வேறு ஒருவனாக இருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஒரு கணக்கு அது. இது என் தொழில் அல்லவா. வருஷா வருஷம் என்னிடமே வரும் வாடிக்கைக்காரருக்கு வெளுத்த சாமியானா போகும், கால் லேசாக ஆடும் நாற்காலி போகும். அவர் வேறெங்கும் போக மாட்டார். புதிதாக விலை கேட்டு வருகிறவருக்குத்தான் பெட்டி பிரிக்காத சரக்கு, வெள்ளைக் கவர், பின்னால் ரிப்பன். போட்டிக் கடையிலும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தால், ஒரு ஃபேன் சும்மாவே போகும். கடை நடத்துகிறவன் எவனும் இப்படித்தான் செய்வான். நான் கடையில் செய்வதை லீடர் வார்டில் செய்கிறார். அவரும் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவர் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்பது எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஆச்சரியத்தோடு மாடிக்குப் போனேன். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாவு கொடுக்க வந்த மாவு அக்கா தரையில் உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்தாள். நான் பட்டுப்புடவைப் பேச்சையும் நாற்காலிக் கணக்கையும் இரண்டு பேருக்கும் விளக்கிச் சொன்னேன். நான் ஒன்றை விளக்கினால் குழந்தைக்குக்கூடப் புரியும்.

என் மனைவி கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்: "அப்ப நாம பழைய கிராக்கின்றதால பழைய சேரு."

"ஆமா."

"புது கிராக்கி மாதிரி நடந்துக்கினா புது சேரு வருமா?"

"வரும். போட்டிக் கடைக்காரன் உன் வாசல்ல நிக்கறான்னு தெரிஞ்சா கவரும் சேத்து வரும்" என்றேன்.

மாவு அக்கா தலை நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி அவளைப் பார்த்தாள். பீன்ஸைப் பற்றி ஏதோ பேசினார்கள். நான் டி.வி.யைப் போட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் விதை அன்று நான் போட்டதுதான் என்று இன்றும் சொல்கிறேன். என் மனைவி மறுக்கிறாள்.

தேர்தல் இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் கட்சி டிக்கெட் எதிர்பார்க்கிறவர்கள் எல்லோரும் தெருவில் இறங்கிவிட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோவில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம், எதிர்க்கட்சிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். சும்மா சம்பிரதாயத்துக்கு வருகிறவர் மாதிரி, கொஞ்சம் ஆட்கள், ஒரே ஒரு மேளம். நான் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. என் மனைவி, பட்டுப்புடவையில், கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு.

"எங்க போற?"

"ஆரத்தி எடுக்க."

"ஏய், அது நம்ம ஆளு இல்ல."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்குது."

"எம் பேரு இன்னாத்துக்கு ஆகும்?"

"உங்க ஓட்டு உங்களுது. என் தட்டு என்னுது. நவுருங்க, கற்பூரம் அணையுது."

நகர்ந்தேன். வேறென்ன செய்வது? அவள் போய் அந்த மனிதருக்குச் சுற்றி எடுத்து நெற்றியில் பொட்டு வைத்தாள். அப்போதும் நான் நினைத்தது, என் வீட்டில் மட்டும் ஏதோ குழப்பம் என்று. அப்புறம்தான் தெருவைப் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது, ஒரு தட்டு. அடுத்த கதவு, ஒரு தட்டு. கற்பூரம், மெழுகுவர்த்தி, மறுபடி கற்பூரம். சரிவில் கடைசிவரைக்கும் வாசல் வாசலாகச் சுடர் இறங்கிக்கொண்டே போனது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. யாரும் பேசவில்லை. எத்தனையோ கட்சிக் கூட்டங்களுக்குப் பந்தல் போட்டவன் நான். ஆயிரம் பேரைக் கத்த வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு தெரு மொத்தமும் சத்தமே இல்லாமல் ஒன்றைச் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். எதிர்க்கட்சிக்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூப்பின கையோடு ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நின்று நின்று நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கடைசியில் மாவு அக்கா.

ஆரத்தி எடுத்துவிட்டு, "உள்ள ஒரு நிமிசம் வாங்க சார். எங்க வூட்டுக்காரரு எழுந்து வர முடியாது. உங்களப் பாக்கணும்னாரு" என்றாள்.

அவர் உள்ளே குனிந்து நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார். கட்டில் காலைப் பார்த்தார். செங்கல்லில் பழைய சாக்கடையின் கறை கோடு போட்டிருந்தது. மாவு அக்கா எதையும் கேட்கவில்லை, குறை சொல்லவில்லை, மனு கொடுக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள், அவ்வளவுதான். படுக்கையில் இருந்தவர் குழறிய வாயால், "பாத்து... கால் வைங்க" என்றார்.

எதிர்க்கட்சிக்காரர் வெளியே வந்து மேன்ஹோலைக் காட்டி அவருடைய ஆளிடம் ஏதோ கேட்டார். அதற்குள் என் போன் அடித்தது.

"யஜமான்ரே, இன்னா உங்க தெருவுல தீபாவளியா?" லீடர்தான். கற்பூரம் அணைவதற்கு முன்னால் சேதி போயிருக்கிறது.

"பொம்பளைங்க ஏதோ மரியாதைக்கு..."

"மரியாதை. சரி சரி. நாளைக்கு நானே வரேன்."

வழக்கம்போல் தெரு முகப்பில் பந்தல் போட்டேன். வெல்வெட் நாற்காலியைத் துடைத்தேன். சால்வையை மடித்து வைத்தேன். கதவுகளைச் சாத்திக்கொண்டு அவரை அவமானப்படுத்திவிடுவார்களோ என்று பயம். மனைவியிடம் கேட்டேன். "ஏன், அவரு நமக்கு இன்னா கெடுதி செஞ்சாரு? தண்ணி குடுத்தவரு" என்றாள்.

லீடர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சால்வையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். தெருவில் எல்லா வாசலிலும் தட்டு இருந்தது. அதே தட்டுகள், அதே சிவப்புத் தண்ணீர், அதே சிரிப்பு. நேற்றைக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். மாதா படம் மாட்டிய மூன்றாவது வாசலில் ஒரு வயதான அம்மா தட்டைச் சுற்றினாள். அதில் இருந்த மெழுகுவர்த்தி பாதிக்குமேல் கரைந்து குட்டையாக இருந்தது. லீடர் அதையே பார்த்தார்.

"இது நேத்து ஏத்துனதாம்மா?"

"ஆமா சாமி. புதுசு எதுக்கு, அதுவே நல்லா எரியுதே."

அந்த அம்மாள் எதையும் உள்ளே வைத்துச் சொல்லவில்லை. சிக்கனக்காரி. ஆனால் லீடருக்கு விஷயம் புரிந்தது. எத்தனையோ கூட்டங்களில் அவர் முகத்தைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் அவர் ஒரு தெருவையே புதிதாகப் படித்தார். எனக்கு அவர்மேலும் மலைப்புத்தான். சின்ன ஆளாக இருந்தால் முகம் சுளித்திருப்பார், சால்வையை வீசியிருப்பார். இவர் இரண்டு கையையும் குவித்து அந்த அம்மாவைக் கும்பிட்டார். பிறகு சரிவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். முதல் தேர்தலுக்கு அப்புறம் அவர் பாதித் தெருவைத் தாண்டியதே இல்லை. முகப்பில் சால்வை வாங்கிக்கொண்டு, நாலு வாசல் நடந்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். அன்று கடைசி வீடு வரைக்கும் போனார். கூப்பிடாமலே உள்ளே நுழைந்தார்.

செங்கல்லைப் பார்த்துவிட்டு, "இது எப்பலேருந்தும்மா?" என்றார்.

"எல்லா மழைலயும்தான் சார்."

"எங்கிட்ட இப்படின்னு சொல்லலியே."

"சொன்னோம் சார். காப்பி குடுத்தீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போனை எடுத்தார். அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியரிடம் கன்னடத்தில் நாலே வார்த்தை பேசினார். இன்றைக்கே வா, இடத்துக்கு வா என்பதுதான் சாரம்.

அந்த வாரமே தெரு அல்லோலகல்லோலமானது. லீடர் சொல்லி ஜே.சி.பி. ஒரு முனையில் வந்து நின்றது. எதிர்க்கட்சிக்காரர் மேலிடத்தில் பேசி வாங்கின குழாய்கள் மறு முனையில் லாரியில் வந்து இறங்கின. இந்தப் பக்கம் ஒரு பேனர், அந்தப் பக்கம் ஒரு பேனர், இரண்டிலும் "எங்கள் முயற்சியால்" என்று எழுதியிருந்தது. பள்ளம் ஒருவருடையது, குழாய் இன்னொருவருடையது. இன்ஜினியர் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். எந்தப் பக்கத்துக்கு நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பெண்கள் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் டீ கொடுத்தார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து.

வேடிக்கை பார்க்க வந்த காரியதரிசி என் தோளில் தட்டி, "இன்னாண்ணா, பாக்கெட் கிழிஞ்சி போச்சா?" என்றார்.

"பாக்கெட் அப்படியே இருக்குது. தெருதான் எறங்கி நடக்குது" என்றேன். இந்த மாதிரிப் பதில்கள் எனக்குத் தானாக வரும்.

குழாயை இணைத்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள். அகலக் குழாய். உள்ளே ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம். ஆனால் மழை வந்தால்தான் எதுவும் நிச்சயம்.

வந்தது. ஒரு சாயங்காலம், இந்த ஊரில் மட்டும் பெய்கிற மாதிரி, முன்னறிவிப்பில்லாமல் கொட்டியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கீழ்முனைக்கு நடந்தேன். தெருவே ஓடையாக என்னோடு இறங்கியது. மாவு அக்கா வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண் மேன்ஹோல் மேல், ஒரு கண் குளியலறைத் தரைமேல். கையில் கந்தல் துணி. எத்தனையோ மழைகளில் அவள் நின்ற இடம் அது. கிரைண்டரில் அரிசி போட்டிருந்தாள், ஓட விடவில்லை.

"வந்துச்சா?" என்று உள்ளேயிருந்து அவள் கணவர் கேட்டார்.

"இரு, பாக்கறேன்."

மூடி அசையவில்லை. முன்னெல்லாம் இந்நேரம் குதித்திருக்கும். நாங்கள் காத்திருந்தோம். மழை இன்னும் வலுத்தது. அப்போது காலுக்கடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தரைக்குள் ரயில் போவது மாதிரி, தடையில்லாமல், ஒரே சீராக. மேலே இருக்கிற அத்தனை மாடிகளின் தண்ணீரும் எங்கள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. குளியலறைத் தரை காய்ந்தே கிடந்தது. நான் குடையை மடக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். முழுக்க நனைந்தேன். முதல் நாள் குழாயைத் திறந்துவிட்டு என் மனைவி ஏன் அப்படி நின்றாள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

"வரல" என்றாள் மாவு அக்கா உள்ளே பார்த்து. இன்னொரு தடவை, மெதுவாக, "வரலய்யா" என்றாள். பிறகு போய் கிரைண்டர் சுவிட்சைப் போட்டாள்.

அந்த நேரத்தில் லீடர் போன் செய்தார். "எப்படி இருக்குது யஜமான்ரே உங்க தெரு?" முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு என் பதில் வாயில் தயாராக இருக்கும்: உங்க பாக்கெட்ல சார். அன்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

"தெரியல சார்" என்றேன்.

"பைப்பு? பைப்பு எப்படி இருக்குது?" என்றார். அவர் குழாயைப் பற்றி என்னிடம் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் நான் சொன்ன அத்தனை உறுதிமொழியைவிட அந்த ஒரு "தெரியல" அதிக வேலை செய்தது என்றால் நம்புவீர்களா? எனக்கே நம்ப முடியவில்லை.

மழை விட்டதும் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கிப் பிடித்தோம். மாவு அக்கா குனிந்து செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினாள். கட்டில் தரையில் உட்கார்ந்தது. அவள் கணவர் நல்ல கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். காய்ந்திருந்தது.

"குடும்மா, வெளிய வீசிட்டு வரேன்" என்று செங்கல்லுக்குக் கை நீட்டினேன்.

"வேணாண்ணா, இருக்கட்டும். எலெக்‌ஷன் இன்னும் வரல இல்ல?"

"யாருக்குப் போடப் போற நீ?"

"அண்ணி மாவு கேட்டாங்க. எடுத்துனு போறீங்களா?" என்றாள்.

சொல்ல மாட்டாள். என் வீட்டிலும் சொல்வதில்லை. மாவுப் பாத்திரத்தோடு நான் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். செங்கற்களை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே நுழைகிற யார் கண்ணிலும் முதலில் படுகிற இடமாகப் பார்த்து, கதவோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.